கமலம் எழுந்திருக்கவில்லை, மச்சான்

அன்பான மாஸ்டர் மச்சானுக்கு,

அங்கேயும் யாரையாவது பெஞ்சில் ஏற்றி நிற்க வைத்திருப்பீர்கள். எமனாக இருந்தால் கொஞ்சம் பார்த்து.

உங்கள் மகள் கமலம்தான் இப்போது உங்கள் நாற்காலியில் டீச்சராக இருக்கிறாள். வேலை இன்னும் நிரந்தரமில்லை. போன வாரம் கல்விக் கந்தோர் ஆபீஸிலிருந்து பார்வையிட ஓர் ஐயா வந்தார். அவர் எழுதுவதைப் பார்த்துத்தான் தோட்டத்துத் துரை அவளை வைப்பதா, அனுப்புவதா என்று சொல்வாராம். அனுப்பினால் ஸ்கூல் வீடும் போகும். என் அக்காவைக் கூட்டிக்கொண்டு அவள் எங்கே போவாள்?

அந்த ஐயா கணக்கும் கேட்கவில்லை, வாசிப்பும் கேட்கவில்லை. சின்னப் பிள்ளைகள் வகுப்பில் சண்டை போட்டால் டீச்சர் மனதில் என்ன நினைக்கிறாள், அதற்குத்தான் மார்க். தேயிலைக் கொழுந்து நிறுத்துப் பார்த்திருக்கிறேன், நினைப்பை நிறுக்கிறதை அன்றுதான் பார்த்தேன். கொழுந்தில் கழிப்பதுபோல் இதிலும் ஈரத்துக்குக் கழிப்பாரோ என்று கேட்க வாய் துறுதுறுத்தது. கமலம் முறைத்தாள். ஸ்கூல் கூட்டுகிற விளக்குமாற்றோடு வாசலில் நின்றுகொண்டேன்.

“பிள்ளையள் சண்டை பிடிச்சா உடன விலக்க வேணும். இதை நீர் எவ்வளவுக்கு நம்புறீர்?” என்று யாழ்ப்பாணப் பேச்சில் கேட்டார்.

“அவ்வளவா நம்பலைங்க ஐயா. கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பேன்.”

கொழுந்து நிறுக்க அம்மாமார் மலையிலிருந்து இறங்குமுன் சண்டை முடியணும் என்பதல்லவா உங்கள் சட்டம்? இல்லாவிட்டால் அது பீலிக்கரைக்குப் போய், தண்ணீர் பிடிக்கிற இடத்தில் மேல்லயத்து வீட்டு வரிசையும் கீழ்லயத்து வரிசையும் மோதிக்கொள்ளும். அதற்குத்தானே பிரம்பு வைத்திருந்தீர்கள்?

சொல்லி வாய் மூடவில்லை, மேல்லயத்து ராசுவும் கீழ்லயத்துச் செல்லியும் ஒரு சிலேட்டைப் பிடித்து இழுத்தார்கள். ராசு கடித்தான், செல்லி அவன் முடியைப் பிடித்தாள். ஐயா கமலத்தையே பார்த்தார். அவள் எழுந்திருக்கவில்லை. நான் உள்ளே காலெடுத்து வைத்தேன்.

“மாமா, சும்மா இருங்க” என்றாள்.

சிலேட்டு விழுந்து உடைந்தது. யார் உடைத்தது என்று ஐயா அதட்டினார். இரண்டும் அவரை மேலும் கீழும் பார்த்தன. செல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டு ராசுவின் பக்கம் நகர்ந்தாள்.

“தானாத்தான் விழுந்துச்சுங்க.”

“ஆமாங்க” என்றான் ராசு.

ஆளுக்கொரு துண்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். மத்தியானம் அம்மாமாரிடமும் அதே பொய்தான். பீலிக்கரையில் ஒரு சத்தமில்லை.

ஐயா ஏதோ எழுதினார், சிரிக்கவுமில்லை, முறைக்கவுமில்லை. இன்னும் ஒரு தகவலும் வரவில்லை. தபால்காரனைக் கண்டாலே அக்கா உள்ளே போய்விடுகிறாள். “அப்பா இருந்தா என்ன சொல்லியிருப்பாரு மாமா?” என்று நேற்றுக் கமலம் கேட்டாள். எதற்கும் நக்கலாகப் பதில் வைத்திருக்கிற நான், உங்களையே கேட்கலாம் என்று இந்தக் காகிதத்தை எடுத்தேன். நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

போகச் சொன்னால் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு றொசல்ல ஸ்டேஷனுக்கு நானும் நடப்பேன், ரயிலும் ஏறுவேன். அவளைத் தனியாக விடமாட்டேன். நீங்கள் கோபித்தாலும் சரி மச்சான், இந்த விஷயத்தில் நான் என் மருமகள் பக்கம்.

உங்கள் பேச்சை எந்தக் காலத்திலும் கேட்காத
மச்சினன் மாரிமுத்து