ஏரி முதலைக்கு ஒரு சாட்சி

நண்பா,

ஈரேழு பதினாலு உலகத்திலும் ஒருவர்கூட நம்பப்போவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டே இந்தக் கதையைத் தொடங்குகிறேன். நீ நம்ப வேண்டியதில்லை. இந்தப் பொய்யில் பாதி உன்னுடையது.

இன்று காலை ஜன்னலைத் திறந்ததும் அந்த நாற்றம் வந்தது. பறவை எச்சமும் மீன் கவிச்சியும் கலந்து, ஆவடியையே மூக்கைப் பொத்திக்கொண்டு பூந்தமல்லிக்கு ஓட வைக்கும் நாற்றம். மழை ஓய்ந்து, ஏரியின் மறுகரைக் கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரைகள் போன மாதமே வந்து கூடு கட்டிவிட்டன. "மாமே, வந்துகினானுங்கடா" என்று கதவைத் தட்ட நீதான் இல்லை.

நம் முதலை பிறந்த கதை ஞாபகம் இருக்கிறதா? ஆலையில் ஒன்றாக ஓய்வு பெற்று, சாயங்காலமானால் ஏரிப் படிக்கட்டில் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு நாம் 'அலுவலகம்' திறந்த முதல் வருஷம். கல்யாண போட்டோ எடுக்க வந்த கூட்டம், 'பாதுகாக்கப்பட்ட பகுதி, உள்ளே செல்லாதீர்' என்ற பலகையில் மாப்பிள்ளையின் கோட்டை மாட்டிவிட்டு மறுகரைக்குப் போனது. பறவை பறந்தால் படம் எடுப்பாக இருக்கும் என்று கையைத் தட்டினார்கள். அத்தனை நாரையும் ஒன்றாக எழுந்தது. காவலில்லாத கூடுகளில் காக்கைகள் இறங்கின. படம் எடுப்பாகத்தான் வந்திருக்கும். அவர்கள் போனபின் மரத்தடியில் கிடந்த முட்டை ஓடுகளைப் பார்த்துவிட்டு நீ அன்று சாப்பிடவில்லை. நான் அந்த வருஷமே சாப்பிடவில்லை.

"போர்டை எவன் படிக்கிறான்? இன்னா பண்லாம் சொல்லு" என்றாய்.

"முதலை விடலாம்" என்றேன்.

மறுநாளே விட்டோம். பல்லைக் கடித்தால் பட்டாபிராம் வரை கேட்கும் முதலை. வருஷா வருஷம் வளர்ந்து, தலை நெமிலிச்சேரியிலும் வால் வேலப்பன்சாவடியிலும் கிடந்தது. மறுகரைக்குக் கிளம்பும் ஆட்களிடம் நான் அளந்து விடுவேன். நீ வேர்க்கடலை உரித்தபடி, தலைகூட நிமிராமல், "ஆமா, நானும் பாத்தேன்" என்பாய். உன் வசனம் அவ்வளவுதான். அதற்குத்தான் ஆட்கள் திரும்பிப் போனார்கள்.

நாமும் அப்புறம் மறுகரையில் கால் வைத்ததில்லை. "நாம போவாம இருந்தா அதுங்க இருக்கும்டா. வேற இன்னா கீது இதுல?" என்றாய்.

இன்று சாயங்காலம் புது அடுக்குமாடியிலிருந்து மூன்று பேர், கூடுகளை மேலிருந்து படம் பிடிக்க ட்ரோனோடு வந்தார்கள். முதலையை அவிழ்த்து விட்டேன். வழக்கமான இடத்தில் நிறுத்தி, உன் வசனத்துக்குக் காத்திருந்தேன். கடலை உரிபடும் சத்தம்கூட இல்லை.

"அங்கிள், செமையா ரீல் சுத்துறீங்க" என்று சிரித்தபடி ஒருவன் ட்ரோனைத் தரையில் வைத்தான்.

"ஆமாங்க, நானும் பாத்தேன்."

பின்னால் நின்றது, அதே கட்டடத்தின் நான்காவது மாடிக்குப் புதிதாக வந்திருக்கும் கோயம்புத்தூர்ப் பெண். "எங்க பால்கனியில இருந்து வாலு தெரியுங்க. போன வாரம் இதே மாதிரி ஒண்ண முழுங்கிருச்சு." முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. நம்பினார்களோ, வெட்கப்பட்டார்களோ, ட்ரோன் பைக்குள் போய்விட்டது.

அவர்கள் போனதும், "உனக்கு எதுக்கும்மா இந்தப் பொய்?" என்று கேட்டேன்.

"காலையில காபி குடிக்கறப்ப அந்த நாரைங்களத்தான் பாத்துட்டு இருப்பேன். இந்த ஊர்ல எனக்கு வேற யாருங்க தெரியும்?" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள்.

முதலைக்குப் புதுச் சாட்சி கிடைத்துவிட்டது என்று உன்னிடம் சொல்லத் திரும்பினேன். உன் படி காலியாக இருந்தது.

கதையின் கடைசியில் ஒன்று சேர்த்திருக்கிறேன், கேள். நீ போய்ச் சேர்ந்ததிலிருந்து முதலைக்குத் தீனி இறங்குவதில்லை. சாயங்காலமானால் இந்தப் படிக்கட்டுக்கு வந்து, நீ வருவாய் என்று இருட்டும்வரை காத்துக் கிடக்கிறது.

முதலை பொய். பல் பொய், வால் பொய். வேர்க்கடலைப் பொட்டலத்தோடு ஒருத்தன் இங்கே காத்திருப்பது மட்டும் நிஜம்.