ரேகைக்குக் குறுக்கே

அன்புள்ள அக்கா,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நேரில் ஆரம்பித்தால் பாதியிலேயே எழுந்து ஓடிவிடுவேன் என்று உனக்கே தெரியும்.

படகு கழுவும்போது அதன் தேக்குத் தளத்தை நீ எப்போதும் மர ரேகைக்குக் குறுக்காகவே பிரஷ்ஷால் தேய்ப்பாய். சின்ன வயதில் ஓரமாக உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்டதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த படகுப் பட்டறையிலோ எல்லோரும் ரேகையோடு ஒட்டித்தான் தேய்க்கிறார்கள். எது சரி என்று எனக்கு ஒரே குடைச்சல். இரண்டு பழைய பலகைகளை எடுத்து, மூன்று வாரம், மதிய இடைவேளையில் ஒன்றை அவர்களைப் போலவும் மற்றதை உன்னைப் போலவும் தேய்த்தேன். முதல் பலகையில் ரேகைகளுக்கு நடுவே இருந்த மெத்தென்ற மரம் கரைந்துபோய், விரல் வைத்தால் சீப்புப் பல் மாதிரி தட்டியது. உன் பலகை வழவழவென்றிருந்தது! உப்புத் தண்ணீரில்தான் அலசுவாயே, அது ஏன்? அதையும் சோதிக்க வேண்டும்.

முதலாளி இரண்டையும் தடவிப் பார்த்தார். "யாரும்மா சொல்லிக்கொடுத்தது?"

"புத்தகத்துல படிச்சேன் சார்."

வாயில் அதுதான் வந்தது. என் அக்கா படகு கழுவுகிறாள், அந்தக் கூலியில்தான் நான் பட்டம் வாங்கினேன் என்று அங்கே யாரிடமும் சொன்னதில்லை.

"அப்ப அந்தப் புத்தகத்தத் திங்கக்கிழம கொண்டு வாம்மா. இவனுங்க தேக்கத் தேய்க்கல, உழுதுக்கிட்டிருக்கானுங்க" என்றார்.

திங்கட்கிழமை என்னோடு வருகிறாயா, அக்கா? வாசலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உன் பிரஷ்ஷையும் எடுத்துக்கொள்.

உன் தங்கை