ஐந்தாவது தட்டு

மாண்ட்ரியல்
2 செப்டம்பர் 2024

பிரிய அத்தானுக்கு,

நலம். இருமலுக்கு டாக்டரைப் பார்த்தீர்களா, இல்லை வழக்கம்போல் சுக்குக் காப்பியா?

என்னதான் செய்கிறாய், நாலு வரியில் சொல் என்றீர்கள். ஈஸ்ட் செல் இரண்டாகப் பிரியும்போதெல்லாம் குரோமோசோமின் முனை தேயும். அதை நீட்டித் தருவது டெலோமரேஸ் என்ற நொதி. அதற்குள் ஓர் ஆர்.என்.ஏ. மடிந்து கிடக்கிறது. அதில் ஒரு மடிப்பை நான் அவிழ்த்துவிட்டேன். அந்த மடிப்பு இல்லாமலும் நொதி ஓடும் என்பது என் கட்சி. ஓடாது, ஈஸ்ட் செத்துவிடும் என்பது பேராசிரியர் கட்சி. மூன்று நாளுக்கொரு முறை புதுத் தட்டுக்கு மாற்றி வளர்க்கிறேன். ஐந்தாவது தட்டிலும் பிழைத்திருந்தால் ஆய்வேடு முடிந்தது, கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருப்பேன்.

உங்கள் பவுலின்

காரைக்குடி
9 செப்டம்பர்

அன்பு பவுலின்,

சுக்குக் காப்பிதான். இருமல் போய்விட்டது. தேவகோட்டை பஸ்ஸில் உன் நாலு வரியை நாலு தரம் படித்தேன். கணக்கு வாத்தியாருக்கு அவ்வளவு போதும். எதிர்வீட்டு நாச்சியம்மை ஆச்சியிடமும் சொன்னேன். "அது செத்துப்போச்சுன்னா நான் வந்து துக்கம் கேக்கணுமா தம்பி? உங்க வீட்டுக்காரவுக எப்ப வாராக, அதைச் சொல்லுங்க" என்கிறார். மூன்று வருஷமாகிறது. எனக்கும் அதே கேள்விதான்.

ஞானசேகர்

மாண்ட்ரியல்
18 செப்டம்பர்

அத்தான், பிழைத்துவிட்டது! ஐந்தாவது தட்டு முழுக்க மொத்தையாக வளர்ந்திருக்கிறது. டிக்கெட் போடுங்கள்!

பவுலின்

காரைக்குடி
20 செப்டம்பர்

போட்டாயிற்று. டிசம்பர் பதினெட்டு. தெருவுக்கே சொல்லிவிட்டேன்.

ஞானசேகர்

மாண்ட்ரியல்
4 அக்டோபர்

பிரிய அத்தானுக்கு,

போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். நேற்று முனைகளை அளந்தேன். நொதி ஓடியிருந்தால் சீராக இருந்திருக்கும். இவை தாறுமாறான நீளம். நொதி ஓடவேயில்லை. எங்கோ சில செல்கள் மட்டும் ஒரு முனையைப் பார்த்து இன்னொரு முனை காப்பியடித்துப் பிழைத்திருக்கின்றன. அவைதான் பெருகித் தட்டை நிறைத்தன. நாலாவது தட்டு மெலிந்துதான் இருந்தது, மற்ற செல்கள் அப்போதே செத்துக்கொண்டிருந்தன. ஊருக்கு வரும் ஆசையில் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

இந்த அளவை இன்னும் யாருக்கும் காட்டவில்லை. காட்டாமலிருந்தால் டிசம்பரில் வீடு. காட்டினால் எல்லாம் முதலிலிருந்து, இன்னும் பத்து மாதம். நீங்கள் வா என்றால் வந்துவிடுவேன்.

பவுலின்

காரைக்குடி
7 அக்டோபர்

என் பவுலினுக்கு,

காப்பியடித்த பேப்பருக்கு நான் மார்க் போட்டதே இல்லை. உனக்காக ஒரே ஒரு தடவை போட்டால் என்ன என்று இரண்டு நாள் யோசித்தேன். வா என்று எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன், அழித்தேன். வருத்தம்தான். ஆனாலும் நீ என்னிடம் மறைக்கவில்லையே என்று மனசு நிறைந்திருக்கிறது. நாளைக்கே பேராசிரியரிடம் காட்டு.

உன் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். விசாவுக்கு மனு கொடுத்திருக்கிறேன். மே மாதம் எனக்குத்தான் லீவு இருக்கிறதே. அந்த மாதம் முழுக்க நான் சமைக்கிறேன். நீ ஆய்வகத்திலிருந்து எத்தனை மணிக்கு வந்தாலும் சோறு சூடாக இருக்கும்.

உன் ஞானசேகர்