ஆறாம் வகுப்பில் நீங்கள் உட்கார்ந்த இடம்

அப்பா,

இன்று காலை துணி அலசும்போது வாளியில் நீலம் கொஞ்சம் அதிகமாக விழுந்துவிட்டது. வெள்ளைச் சேலை திட்டுத் திட்டாக நீலம் பிடித்துக்கொண்டது. அதைக் கொடியில் உதறிப் போட்டபோது அந்த ஈர வாசனையோடு நீங்களும் வந்துவிட்டீர்கள். அந்தச் சனிக்கிழமை நீங்கள் கட்டிக்கொண்டு வந்த வேட்டியும் இப்படித்தான் இருந்தது. அம்மா அவசரத்தில் நீலத்தை அள்ளிப் போட்டிருப்பாள்.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அந்த நாளைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்குப் பேச வராது, எழுதத்தான் வரும் என்பது உங்களுக்குத் தெரியும்.

தா.பழூர் பக்கத்துப் பள்ளியில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அது. ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்தேன். ஊரில் பேச்சு கிளம்பியிருந்தது. புது டீச்சர் வாயே திறக்க மாட்டேங்குது, இது என்ன இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கும் என்று பெரிய வீட்டுக்காரர் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் சொன்னாராம். தன் பெண்ணை டவுன் கான்வென்ட்டில் சேர்க்கப்போவதாகவும் சொன்னாராம். அவர் அனுப்பினால் இன்னும் பத்து வீடு அவர் பின்னால் போகும். பிள்ளைகள் குறைந்தால் ஒரு ஆசிரியர் இடம் போகும். கடைசியாகச் சேர்ந்தவள் நான்.

தலைமையாசிரியர்தான் வழி கண்டுபிடித்தார். பெற்றோரை ஒரு சனிக்கிழமை வரவழைத்து, ஆறாம் வகுப்பு ஆங்கிலம் எப்படி நடக்கிறது என்று அவர்களுக்குக் காட்டுவது. நான் பேச வேண்டுமா என்று கேட்டேன். "நீ பிரசங்கம் பண்ண வேண்டாம்மா. தினம் நடத்துற மாதிரி பாடத்த நடத்திக் காட்டு, போதும்" என்றார்.

அந்த வாரக் கடிதத்தில் இதை உங்களுக்கு எழுதினேன். எங்கள் பள்ளிக்குப் பெற்றோர் எல்லாம் வருகிறார்கள், எனக்குப் பயமாக இருக்கிறது என்று. தபால்காரர் படித்துச் சொல்லியிருப்பார். நீங்கள் அதை அழைப்பாக எடுத்துக்கொண்டீர்கள். பெற்றோர் என்றால் நீங்களும் அம்மாவும்தானே என்று நினைத்திருப்பீர்கள். நான் படித்த காலத்தில் எந்தப் பள்ளியும் உங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்ததில்லை. டீச்சராகிவிட்ட மகளின் பள்ளிக்காவது போய்விட வேண்டும் என்று, திருமழபாடியிலிருந்து பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தீர்கள்.

கரும்பலகையில் தேதி எழுதிவிட்டுத் திரும்பினேன். எட்டாம் வகுப்பிலிருந்து தூக்கிவந்து போட்ட பெஞ்சுகளில் அப்பாக்களும் அம்மாக்களும் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் வழக்கம்போலத் தரையில். கடைசி பெஞ்சின் ஓரத்தில் நீங்கள். தோளில் துண்டு. எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

எனக்கு முகம் எரிந்தது. மகிழ்ச்சி என்று பொய் எழுத மாட்டேன். அந்த ஊரில் யார் கேட்டாலும் திருமழபாடிப் பக்கம் என்று மட்டும் சொல்லிவைத்திருந்தேன். எந்தத் தெரு என்று அடுத்த கேள்வி வருவதற்குள் வேலை இருப்பதுபோல நகர்ந்துவிடுவேன்.

தலைமையாசிரியர் ஒவ்வொருவரிடமும் எந்தப் பிள்ளை என்று கேட்டுக்கொண்டே வந்தார். உங்களிடம் வந்ததும், நீங்கள் எழுந்து என் பக்கம் கையைக் காட்டினீர்கள்.

"டீச்சரம்மாதாங்க எம்புள்ள."

வகுப்பே சிரித்தது. கேலிச் சிரிப்பு இல்லை. அவரும் சிரித்தபடி, வாங்கய்யா, நீங்கதான் முதல்ல வரணும் என்று உங்களை உட்காரவைத்தார். அந்த ஒரு நிமிடம் எனக்கும் மூச்சு சீரானது.

அப்போதுதான் பெரிய வீட்டுக்காரர் வந்தார். இடம் இருந்தது உங்கள் பெஞ்சில்தான். உட்காரப் போனவர் உங்களைக் கூர்ந்து பார்த்தார். அவருடைய மாமனார் ஊர் நம் ஊர் என்பது எனக்கு அதுவரை தெரியாது. உங்களைவிடப் பத்து வயதாவது சின்னவர். பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்.

"நீ எங்க மாமனார் வூட்டு ஆளுல்ல? இங்க எங்க வந்த?"

நீங்கள் பதில் சொல்வதற்கு முன்பே எழுந்து நின்றுவிட்டீர்கள். துண்டு தோளிலிருந்து இறங்கிக் கக்கத்துக்குப் போனது. அது எப்போது இறங்கியது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அவர் உங்களை எழுந்திரு என்று சொல்லவில்லை. உட்கார் என்றும் சொல்லவில்லை. பெஞ்சின் நடுவில் உட்கார்ந்து, என்னையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அங்கே இருந்த எல்லோருக்கும் என் தெரு தெரிந்துபோயிற்று.

ஆரம்பிம்மா என்றார் தலைமையாசிரியர்.

நான் தயார் செய்துவைத்திருந்தது கட்டளைப் பாடம். ஸ்டாண்ட் அப், சிட் டவுன், ஓப்பன் தி டோர். பிள்ளைகளுக்குப் பிடித்த பாடம். நான் ஒரு வார்த்தை சொன்னால் நாற்பது பேரும் எழுவார்கள், இன்னொரு வார்த்தைக்குத் தொப்பென்று உட்காருவார்கள். அன்றைக்கும் அப்படியே செய்தார்கள். தன் பிள்ளை இங்கிலீஷ் கேட்டு எழுந்ததைப் பார்த்து அம்மாக்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒரு பையன் கதவைத் திறக்கச் சொன்னதற்கு ஜன்னலைத் திறந்துவிட்டு அசடு வழிந்தான்.

ஆனால் 'சிட் டவுன்' என்று சொல்லும்போதெல்லாம் வகுப்பில் ஒருவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் சொன்னேன். பிறகு பார்த்துச் சொன்னேன். பிள்ளைகள் உட்கார்ந்தே இருந்தார்கள், மறுபடியும் சொன்னேன். உக்காருங்கப்பா என்று தமிழில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. தமிழில் சொன்னால் அது பெரிய வீட்டுக்காரருக்கும் சொன்னதாகிவிடும். இங்கிலீஷில் சொன்னால் பாடம்தானே.

கடைசி வரிசைச் சிறுமி ஒருத்தி உங்கள் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"தாத்தா, ஒக்காரச் சொல்றாங்க."

நீங்கள் பெஞ்சைப் பார்த்தீர்கள். அவரைப் பார்த்தீர்கள். அப்புறம் என்னை. பிறகு மெதுவாகக் குனிந்து, அந்தச் சிறுமிக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டீர்கள்.

பெரியவருக்கும் இங்கிலீஷ் வந்துடுச்சு என்று யாரோ சொல்ல, இந்த முறை பெரிய வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார். நானும் உதட்டை இழுத்துச் சிரித்தேன் அப்பா. கையில் சாக்பீஸ் ஒடிந்தது.

பாடம் நன்றாக நடந்ததாக எல்லோரும் சொன்னார்கள். நம்ம பொண்ணு இங்கயே படிக்கட்டும் சார் என்று பெரிய வீட்டுக்காரர் போகும்போது சொல்லிவிட்டுப் போனார். என் வேலை தப்பியது. இன்றுவரை நான் சாப்பிடும் சோறு அந்தச் சொல்லில் வந்தது என்று நினைத்தால், சில நாள் தட்டைத் தள்ளி வைத்துவிடுவேன்.

பஸ் நிறுத்தத்துக்கு உங்களோடு நடந்தேன். புள்ளைங்க எல்லாம் ஒன் பேச்சக் கேக்குதுங்க என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். எனக்குத் தாங்கவில்லை. ஏம்ப்பா தரையில ஒக்காந்தீங்க என்று கேட்டேன்.

"நின்னுகிட்டே இருந்தா ஒம் பாடம் கெட்டுப்போவும். பெஞ்சில ஒக்காந்தா அவரு மூஞ்சி கெட்டுப்போவும். அப்புறம் ஒன் வேலைக்கு எடஞ்சல். தரையில ஒக்காந்தா யாருக்கும் பழுதில்ல."

சொல்லிவிட்டு, பஸ் வருதா பார் என்றீர்கள்.

அதுவரை நீங்கள் வந்ததற்காக வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு வந்த வெட்கம் வேறு. அது போகவே இல்லை. அந்த அரை நிமிடத்தில் என் பாடத்தை நினைத்தீர்கள், அவர் முகத்தை நினைத்தீர்கள், என் வேலையை நினைத்தீர்கள். உங்களைப் பற்றி நினைக்க உங்களுக்குத் தோன்றவில்லை. அதை நினைக்க வேண்டியவள் நான். கரும்பலகை ஓரம் நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த வருடக் கூட்டத்துக்கு வாங்க என்று கடிதம் போடாமல் நேரிலேயே வந்து கூப்பிட்டேன். நீங்கள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தீர்கள். அவரும் இருப்பாருல்ல, நான் ஒரு தடவ பாத்துட்டேன், போதும்மா என்றீர்கள். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

இப்போதும் வருடா வருடம் அந்தக் கூட்டம் நடக்கிறது. கடலைக் கொல்லையிலிருந்து நேராக வருகிறவர்கள் வாசற்படியிலேயே நின்றுவிடுகிறார்கள். உள்ளே இடம் இருப்பது தெரிந்தும் நிற்கிறார்கள். பாடத்தை ஆரம்பிப்பதற்கு முன் நான் வாசலுக்குப் போய் ஒவ்வொருவரிடமும் தமிழில் சொல்கிறேன், உள்ள வாங்க, பெஞ்சில உக்காருங்க என்று. பெரிய வீட்டுக்காரர் ஊர்ப் பெரியவராக முன் வரிசையில் இருந்து திரும்பிப் பார்ப்பார். அப்போது என் குரல் நடுங்கும். நடுங்கிக்கொண்டேதான் சொல்கிறேன். அவர்கள் உட்காரும்வரை அங்கேயே நிற்கிறேன்.