கொல்லைச் சுவரில் சிவப்பு

ஐப்பசி 12, செவ்வாய்.

மதினி, என் வீட்டுக்காரரின் அக்கா, கொல்லைச் சுவரில் இருமி இருமித் துப்புகிறாள் என்று அவளுடைய வெற்றிலைப் பெட்டியைப் பிடுங்கிப் பீரோவில் பூட்டி நான்கு நாளாகிறது. இன்று காலையும் சுவரில் சிவப்பு. கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும் வேலைக்குப் போகிறவள் அங்கேயே திருடித் தின்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

"வாயத் தெறங்க மதினி" என்றேன். திறந்தாள். நாக்கு வெளுத்துக் கிடந்தது. அப்போதே ஓர் இருமல் வர, என் சேலையில் ரத்தம் தெறித்தது.

தேனியில் டாக்டர் முதலில் அவள் கால்களைத்தான் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே கருஞ்சிவப்பாய்ப் புள்ளிகள். பூச்சிக்கடி, மஞ்சள் பூசுங்கள் என்று நான் தட்டிக்கழித்தவை. தோலில் ரத்தக் குழாய்களைப் புண்ணாக்கிய அதே நோய் நுரையீரலுக்கும் போய்விட்டதாம்.

"எத்தனை நாளா ரத்தம் வருது?"

மதினி மூச்சு வாங்க என்னைக் கைகாட்டினாள். "அவளக் கேளுங்க சார். தெனமும் என்னையச் செவுரு கழுவ வச்சவ அவதேன்."

இருபது நாள் என்று நானே சொன்னேன். கூட வந்திருந்த வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மதினியை ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் அவரும் அங்கேயே தங்கிவிட்டார்.

நான் மட்டும் வந்தேன். காலையில் துப்பியது சுவரில் காய்ந்திருக்கிறது. கழுவ ஆள் இல்லை.