பாஹிமாவின் கையில் இருந்த வெள்ளை

விருத்தாசலம்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் அல்தாப்புக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை தானாகப் போகிறது, ஆனால் இத்தனை நாள் போனில் சொன்ன சுகம் மாதிரி இல்லை இது, நிஜமான சுகம். அத்தா இரண்டு காலாலும் நடக்கிறார், உன் மகள் சமீரா முன்பல் விழுந்து பொக்கையாகச் சிரித்துக்கொண்டு ஸ்கூலுக்குப் போகிறாள், வீட்டுச் சுவரெல்லாம் நின்ற இடத்தில்தான் நிற்கிறது. கத்தாரில் உன் அறையில் தங்கியிருக்கும் நம்ம திட்டக்குடி பக்கத்து மங்களூர் ஃபாயிஸ் லீவு முடிந்து கிளம்புமுன் ஞாயிற்றுக்கிழமை வந்தான், பிரியாணி போட்டேன், தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை, அதட்டிக் கேட்ட பிறகுதான் சொன்னான். குடோனில் சாமான் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஒரே மாதத்தில் இரண்டு தடவை ரேக்கில் இடித்துவிட்டாயாமே, இன்னொரு தடவை ஆனால் ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களாமே, ராத்திரி தூங்குவதில்லையாம், பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுகிறாயாம். ஏன் என்று அவன் கேட்டதற்கு நீ சொன்னாயாம், "வூட்ல என்னமோ ஆயிடுச்சுடா, மறைக்கிறாங்க, பாஹிமா கையெல்லாம் வெள்ளை வெள்ளையா இருக்குது, அத்தாவையும் காணும், கேட்டா தூங்குறாங்கன்றாங்க, அத்தா விழுந்து மாவுக்கட்டு போட்டிருக்காங்களா, செவுரு கிவுரு இடிஞ்சிடுச்சா தெரியல." கதவுக்குப் பின்னால் நின்ற உன் பெண்டாட்டி பாஹிமா அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை, என் மேலேயே கோபம்தான் வந்தது.

அன்றைக்கே அத்தா போன் போட்டு எனக்கு ஒண்ணும் இல்லப்பா என்றார், நீயும் சரிங்கத்தா என்றாய், ஆனால் நம்பவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. நம்பாதது உன் தப்பில்லை. அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதி நாளை கிளம்பும் ஃபாயிஸ் கையில் கொடுக்கிறேன். அந்த வெள்ளை சுண்ணாம்பும் இல்லை மாவுக்கட்டும் இல்லை, பீங்கான் கம்பெனிக் களிமண். பாஹிமா ஐந்து மாதமாக வேலைக்குப் போகிறாள். கோபப்படாமல் மேலே படி. சமீரா முழு நாள் ஸ்கூலுக்குப் போக ஆரம்பித்ததும் இவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை, கட்டிலில் உட்கார்ந்து நீ போனில் எப்போது வந்தாய் எப்போது போனாய் என்றே பார்த்துக்கொண்டிருப்பாள், தலை சீவ மாட்டாள், உப்பு கூடிப்போச்சு என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் அரை நாள் பேச மாட்டாள். ஒருநாள் அவளே வந்து, "மாமி, நான் எங்கனாச்சும் வேலைக்குப் போறேன், இல்லன்னா உங்களுக்கும் எனக்கும் சண்டைதான் வரும்" என்றாள், சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டேன். உன்னிடம் சொல்லிவிடலாம் என்று அவள் சொல்லத்தான் செய்தாள், கத்தாரில் புருஷன் இருக்கும்போது மண் வேலைக்குப் போகிறாள் என்று நாலு பேர் சொல்வார்களே, உன் காதுக்கு வந்தால் நீ மனசைப் போட்டுக் குழப்பிக்கொண்டு வேலையில் கோட்டை விடுவாயே என்று மறைக்கச் சொன்னது நான்தான். எதற்குப் பயந்தேனோ அதை நானே செய்து வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை நீ வீடியோவில் கூப்பிடும் நேரத்துக்கு அவள் ஓடி வந்து அவசரத்தில் கையைக் கழுவுவாள், அத்தா ஸ்கூலில் சமீராவைக் கூட்டி வரப் போயிருப்பார், பாஹிமா ஏன் போகவில்லை என்று நீ கேட்டுவிடுவாயே என்று நான் தூங்குகிறார் என்பேன்.

வேலை அவளுக்கு நல்லதுதான் செய்திருக்கிறது. இன்னும் சூளையில் சுடாத பச்சைக் கோப்பைக்குக் கைப்பிடி ஒட்டி ஈரப் பஞ்சால் துடைக்கிற வேலை, விரல் கொஞ்சம் அழுந்தினாலும் கைப்பிடி கோணிக்கொள்ளும். இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள், அங்கே நடந்ததைச் சொல்லிச் சொல்லி என்னைச் சிரிக்க வைக்கிறாள். ஆனால் சமீராவுக்குக் காய்ச்சல் வந்த வாரம் பதினொரு கோப்பை கோணலாகப் போனதாம். அங்கே பெண்களுக்கு மேஸ்திரி ஆண்டாள், திட்டுவாள் என்று இவள் அந்தக் கோப்பைகளை முன்னால் வைத்துவிட்டு நிற்க, அவள் கேட்டது, "வூட்ல என்னா?" அவ்வளவுதான். இவள் சொன்னதும், இரண்டு நாள் கைப்பிடி ஒட்ட வேணாம், அகல் விளக்கை வைக்கோலில் சுற்றி அடுக்குகிற வேலையைப் பாரு, போனை இடுப்பிலேயே வச்சுக்கோ என்று சொல்லிவிட்டாளாம். அதற்குப் பிறகு பாஹிமா ஒருநாளும் லீவு போட்டதில்லை, ஒரு கோப்பை கோணியதில்லை. உன் போர்மேனும் கெட்டவர் இல்லை என்று ஃபாயிஸ் சொல்கிறான். அவர் உன்னிடம் என்ன என்று கேட்டாராமே, நீ ஒன்றுமில்லை சார் என்றாயாமே. நம்ம வீட்டுப் பழக்கம் அப்படி, நானும் ஒன்றுமில்லை நீயும் ஒன்றுமில்லை. அவரிடம் போய் நடந்ததைச் சொல், வீட்டு நினைப்பில் இடித்துவிட்டேன், இப்போது தெளிந்துவிட்டது என்று சொல். இதில் வெட்கம் எதுவும் இல்லை, இருந்தால் அது எனக்குத்தான்.

பாஹிமா வேலைக்குப் போவது பிடிக்கவில்லை என்றால் அவளிடம் நேராகப் பேசிக்கொள், நான் அவள் பக்கம்தான் பேசுவேன் என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன். நீ ஊருக்கு வரவேண்டும் என்று தோன்றினாலும் வா, எனக்கு உன்னைப் பார்க்காமல் இருப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் அனுப்பி வராதே, நீயாக வா. என்னை மன்னித்துவிடு அல்தாப். அல்லாஹ் உனக்கு நல்ல தூக்கத்தையும் நிம்மதியையும் கைக்கு நிதானத்தையும் தருவானாக, ஒவ்வொரு தொழுகையிலும் உனக்காகக் கேட்கிறேன்.

ஃபாயிஸ் ஒரு கோப்பையும் கொண்டு வருகிறான், அந்தப் பதினொன்றில் ஒன்று. கோணலா இருந்தா என்னா, டீ ஒழுவாது, வூட்டுக்காரருக்கு அனுப்பு என்று ஆண்டாள் சுட்டுக் கொடுத்தாளாம். கைப்பிடிக்குக் கீழே உற்றுப் பார், பாஹிமாவின் பெருவிரல் ரேகை அப்படியே இருக்கிறது. மறந்துவிடாதே, இந்த வெள்ளிக்கிழமை அவள் கையைக் கழுவாமல்தான் உட்காரப்போகிறாள், அத்தா கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து காட்டுவார். நீயும் முகத்தை மட்டும் காட்டாமல் எழுந்து நில், எவ்வளவு இளைத்திருக்கிறாய் என்று நான் பார்க்க வேண்டும்.

உன் அம்மா
அமீனா பீவி