சுவரில் மாட்டிய முதுகு

பம்பாய்
12-8-1982

அம்மாவுக்கு ஜெயவேல் வணங்கி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உன் மூச்சிரைப்பு தேவலையா?

நான் சமையல் செய்யும் வீட்டுப் போட்டோக்காரர் என்னைப் படம் எடுக்க வேண்டும் என்றார். முகத்தைத்தான் என்று நினைத்துச் சவரம் செய்து, தலை சீவிப் போய் நின்றேன். சட்டையைக் கழற்றித் திரும்பி நிற்கச் சொன்னார். சின்ன வயதில் பட்டு வேகவைக்கும் அண்டா கவிழ்ந்து வெந்த தழும்பைத்தான் எடுத்தார். “எவன் எதிர்லயும் சட்டைய கயட்டாதடா” என்பாயே, மீறிவிட்டேன்.

படம் இப்போது சுவர் உயரத்துக்கு இருக்கிறது. கண்காட்சிக்கு வந்தவர்கள் வறண்ட ஆறு என்றார்கள். எனக்கும் நம் ஊர் ஆறு மாதிரிதான் தெரிந்தது. ஒரு அம்மாள் கண்கலங்கி அதைத் தடவிப் பார்த்தாள். பக்கத்தில் டீத் தட்டோடு நின்றவன் முதுகு அது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆரணியை விட்டு வந்த இரண்டு வருடத்தில் என்னை யாரும் தொட்டதில்லை அம்மா.

நீ சிரிப்பாய் என்றுதான் எழுதினேன். இங்கே பட்டு விற்க வரும் வீரபாகு மாமாவிடம் நீ காய்ச்சும் எண்ணெய் கொஞ்சம் கொடுத்தனுப்பு. தழும்பு வெடிக்கிறது.

இல்லை, அனுப்பாதே. முதுகுக்கு என் கை எட்டாது.

ஜெயவேல்